கோ கேரிலிருந்து மீனா

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

மீனா, காலை 10:42
கம்போடியாவில் கோ கேர் வந்துவிட்டோம். சியாம் ரீப்பிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது, படங்கள் மெதுவாக ஏறும்.

ராஜி அத்தை, காலை 10:50
முதல் படத்தில் இருப்பது மலையா, கோபுரமா?

மீனா, காலை 10:58
ஏழு அடுக்குப் பிரமிடு அத்தை. 36 மீட்டர் உயரம். கெமர் மன்னன் நான்காம் ஜெயவர்மன் பழைய தலைநகரான அங்கோரை விட்டுவிட்டு இங்கே இருந்து ஆண்டான். 928 முதல் 944 வரைதான் இது தலைநகர். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் இத்தனை கோயில் எழுப்பியிருக்கிறார்கள். பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள். அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டாள், நான் ஏறினேன். மேலே நின்றால் நாலா பக்கமும் காடுதான்.

ராஜி அத்தை, காலை 11:01
உச்சியில் சுவாமி உண்டா?

மீனா, காலை 11:06
பெரிய லிங்கம் இருந்ததாம், இப்போது இல்லை. ஆனால் வழியில் சின்னச் சின்னக் கோயில்களில் இருக்கிறது. ஆவுடையாரோடு சேர்த்தால் என்னைவிட உயரம். அபிஷேகத் தண்ணீர் வெளியே போகச் சுவரைத் துளைத்துக் கோமுகி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். கூரை இல்லை, உள்ளே மழை பெய்த ஈரம். அந்தக் கோமுகியின் விளிம்பு இன்னும் வழவழவென்று இருக்கிறது.

ராஜி அத்தை, காலை 11:07
சிவ சிவா. அம்மாவையும் ஒரு நிமிஷம் நின்று கும்பிடச் சொல்.

முருகேசன் சித்தப்பா, காலை 11:20
மீனா, அங்கே கடைகளில் பழைய கல் சிலை கிடைத்தால் சின்னத் தலை ஒன்று வாங்கி வாம்மா. பூஜை அறைக்கு. பணம் ஜிபே பண்ணிவிடுகிறேன்.

மீனா, காலை 11:34
சித்தப்பா, பழையது மட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறேன். பிரசாத் சென் என்று பெயர். பிரமிடுக்குக் கூட்டம் வருகிறது, இங்கே வெறும் நாலைந்து பேர்தான்.
பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதுகிற காட்சியை இங்கே ஆள் உயரச் சிலைகளாகவே நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் பாண்டவர்கள், பலராமர். சுவரில் புடைப்பாகச் செதுக்கியது இல்லை, தனித்தனிச் சிலைகள்.
உள்நாட்டுப் போர்க்காலத்தில் திருடர்கள் வந்து உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். கணுக்காலோடு உடைத்ததால் பாதங்கள் மட்டும் பீடத்திலேயே நின்றுவிட்டன.

ராஜி அத்தை, காலை 11:36
ஐயோ. பலராமர் பீமன்மேல் கோபப்படுகிற கட்டம் அது. தொடையில் அடித்தான் என்று.

கார்த்தி, காலை 11:41
அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் அக்கா?

மீனா, காலை 11:55
அந்தப் பாதங்கள்தான் சாட்சி கார்த்தி. 2011-இல் நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலத்துக்கு ஒரு சிலை வந்தது. பாதம் இல்லாத துரியோதனன். இங்கே இருந்த பீடத்தோடு அது பொருந்துகிறது என்று கம்போடியா தடுத்தது. அமெரிக்க அரசும் வழக்குப் போட்டது. 2014-இல் திரும்ப வந்தான். அதே வருஷம் பீமன், கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்து. அதற்கு முந்தைய வருஷமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மண்டியிட்ட சிலைகள் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.
போன வாரம் புனோம்பென் அருங்காட்சியகத்தில் துரியோதனனைப் பார்த்தோம். முழங்காலை மடக்கி, இதோ பாயப்போகிறான் என்பதுபோல் நிற்கிறான். இடுப்புத் துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் கல்லில் தெரிகிறது. இங்கே வந்து இந்த வெற்றுத் தரையைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது, சித்தப்பா. யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்ததால்தானே கல்லுளி இங்கே வந்தது?

முருகேசன் சித்தப்பா, பகல் 12:10
புரிகிறதும்மா. நம் ஊர்க் கோயில்களில் எத்தனை சிலை இப்படிப் போயிருக்கிறது. நான் ஏதோ கடைச் சாமான் என்றுதான் நினைத்தேன்.

மீனா, பகல் 12:14
பழஞ்சிலைகளை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது சித்தப்பா, 1996-இலேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் சியாம் ரீப்பில் பட்டறைகள் இருக்கின்றன. இளம் பிள்ளைகள் உட்கார்ந்து மணற்கல்லில் செதுக்குகிறார்கள். புதிது, ரசீதும் உண்டு, காசும் செதுக்குகிற கைக்குப் போகும். அங்கே வாங்கி வரட்டுமா?

முருகேசன் சித்தப்பா, பகல் 12:16
தாராளமாக.

கார்த்தி, பகல் 12:20
அக்கா, ஜனவரியில் நாங்கள் வரும்போது இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? அங்கோர் பாஸ் இங்கே செல்லுமா?

மீனா, பகல் 12:31
செல்லாது, தனி டிக்கெட். அங்கோருக்கு மூன்று நாள் பாஸ் எடு, 62 டாலர். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம், தொடர்ந்து அலைய வேண்டாம். கோ கேருக்குக் கட்டாயம் ஒரு நாள் வை. காலையிலேயே கிளம்பினால் வழியில் பெங் மீலியாவும் பார்த்துவிடலாம், அதுவும் இடிந்த கோயில்தான், வேர்கள் பின்னிக் கிடக்கும்.
முக்கியமாகக் குட்டிகளைப் பாதையை விட்டு இறங்க விடாதே. இந்தக் காட்டில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். பார்வையாளர் போகும் இடங்களைச் சுத்தம் செய்துவிட்டார்கள், இருந்தாலும் தேய்ந்த வழியிலேயே நடங்கள். தண்ணீர் நிறைய எடுத்து வா.

கார்த்தி, பகல் 12:33
சரி அக்கா.

ராஜி அத்தை, பகல் 12:40
துரியோதனன் படம் இருந்தால் போடு மீனா. சித்தப்பாவுக்குச் சிலை பார்க்கும்போது பிள்ளையார் இருக்கிறாரா என்றும் கேள்.

முருகேசன் சித்தப்பா, பகல் 12:41
ஆமாம், பிள்ளையார்தான் வேண்டும். ஒரு சாண் உயரம் போதும்மா, மாடத்தில் வைக்க வேண்டும்.