"டிராக்டர் கவிழ்ந்து விவசாயி பலி": நாலு வரிச் செய்தியில் வேறென்ன சேர்க்கலாம்?

செய்திமேசை:
வணக்கம். பண்ணை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் பெயர், வயது, போலீஸ் விசாரணை என்று முடிந்துவிடுகின்றன. அதே வேலையை நாளைக்குச் செய்யப் போகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இறந்தவர் மேல் பழி போடாமல், அதே இடத்துக்குள் என்ன எழுதலாம்? நிருபர் சம்பவ இடத்தில் எதைக் கேட்க வேண்டும்?

வரப்போரம்:
முதலில் "நிலைதடுமாறி", "எதிர்பாராத விதமாக" என்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். காரணத்தை மூடி மறைக்கும் சொற்கள் இவை.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்ததா, பின்பக்கமாகக் குப்புறப் புரண்டதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு. பக்கவாட்டு என்றால் வாய்க்கால் கரை, சரிவு, வேகத் திருப்பம். பள்ளம் எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளி ஓட்ட வேண்டும் என்ற ஒரே வரியைச் சேர்த்தாலே போதும். பின்பக்கம் என்றால் சங்கிலியை எங்கே மாட்டியிருந்தார்கள் என்று பாருங்கள். டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மாட்டாமல் அதற்கு மேலே, அச்சிலோ டாப் லிங்கிலோ (கருவியைப் பிடிக்கும் மேல் இணைப்புக் கம்பி) மாட்டி மரவேரை இழுத்தால் முன்சக்கரம் தூக்கிவிடும். முழுதாகப் புரள ஏறக்குறைய ஒன்றரை வினாடிதான். கிளட்சை மிதிக்க அவகாசம் இருக்காது, ஆகவே "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதுவது அநியாயம்.

அடுத்த கேள்வி, ரோப்ஸ் எனும், வண்டி புரண்டால் ஓட்டுநர் நசுங்காமல் தாங்கும் காப்புச் சட்டகம் இருந்ததா? மடக்கி வைக்கப்பட்டிருந்ததா? சீட் பெல்ட் போட்டிருந்தாரா? சட்டகம் இருந்தும் பெல்ட் இல்லையென்றால் தூக்கி எறியப்பட்டு அந்தச் சட்டகத்துக்கு அடியிலேயே நசுங்க நேரும். சட்டகமே இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பழைய வண்டியில் பொருத்துவது பற்றி ஒரு வரி எழுத இது நல்ல பின்னணி.

கதிரடிப்பு:
"இயந்திரத்தில் சிக்கி" என்பதும் அதே ரகம்தான். பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது டிராக்டர் இன்ஜினின் விசையைக் கருவிக்குக் கடத்தும் சுழல்தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. ஷாஃப்ட் 8 செ.மீ. தடிமன் என்றால் ஒரு வினாடியில் 2 மீட்டருக்கு மேல் துணியைச் சுற்றி இழுத்துவிடும். இந்தக் கணக்கைச் செய்தியில் போடுங்கள், படிப்பவர் மறக்க மாட்டார். ஷாஃப்டின் மேல்மூடி இருந்ததா, இயந்திரத்தில் சிக்கிய அடைப்பை எடுக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று விசாரியுங்கள். வாசகர் தானே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் சொல்லலாம்: இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகு, பிளாஸ்டிக் மூடியைக் கையால் திருப்பினால் அது தனியாகச் சுழல வேண்டும். ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அது காப்பாற்றாது.

செய்திமேசை:
நன்றி, இருவருக்கும். விசாரணை முடியாத நிலையில் காரணத்தை எழுதினால் சிக்கல் வராதா?

வரப்போரம்:
அந்தச் சம்பவத்தின் காரணமாக எழுதாதீர்கள். "காரணம் விசாரணையில் உள்ளது" என்று முடித்துவிட்டு, "பொதுவாக இவ்வகை விபத்துகளில்..." என்று தனிப் பத்தியாகத் தொடங்குங்கள். படத்தையும் கவனியுங்கள். மட்கார்டில் குழந்தை உட்கார்ந்திருக்கும் பழைய டிராக்டர் படத்தைப் போட்டால், எழுதிய அத்தனையும் வீண்.

குழிக்காற்று:
சாணக் குழிச் சாவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டாவது, மூன்றாவது ஆள் காப்பாற்றப் போய்த்தான் இறக்கிறார். அதை வீரமாக மட்டும் எழுதினால் அடுத்தவரும் இறங்குவார். குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். "வாடை இல்லை, இறங்கலாம்" என்ற முடிவுதான் ஆளைக் கொல்கிறது. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் உதவாது: சுடர் இந்த வாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். ஆகவே செய்தியில் இருக்க வேண்டியது: உள்ளே இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள், காற்றுக் குழாயுடன் கூடிய முகக்கவசம் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். சாதாரணத் துணி முகமூடி இதற்கு ஆகாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை விபத்து நடந்த மறுநாள் மட்டும் எழுதாதீர்கள். குழியைக் கலக்கி வெளியேற்றும் பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே எழுதுங்கள். கலக்கும்போதுதான் வாயு திடீரென்று கிளம்பும்.