வஸ்கமுவவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக உதவுங்கள்

வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே ஓடும் தண்ணீர் கொத்மலை ஓயா என்ற ஆற்றில் கலந்து, மகாவலி ஆறாகி, வஸ்கமுவ தேசியப் பூங்காவின் கிழக்கு எல்லையாக ஓடுகிறது. நம்ம ஆற்றுத் தண்ணீரைத்தான் அங்கே யானையும் கரடியும் குடிக்கின்றன என்று சொன்னதிலிருந்து பிள்ளைகள் என்னை விடுவதில்லை. தேயிலை மலைக்குள் வரும் சிறுத்தையைப் பயத்தோடு மட்டுமே அறிந்தவர்கள். 1984 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் அந்தக் காட்டை அவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மாத்தளைப் பக்கமாகப் போய்வந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். 22 பிள்ளைகளுக்கு எத்தனை ஜீப் தேவை? தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டி கிடைப்பாரா? கட்டணச் சலுகைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தில் யாருக்குக் கடிதம் எழுதுவது? அப்புறம், பழைய தொலைநோக்கி ஒன்று இருந்தால் இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவேன்.