கேரளப் பள்ளிகளின் 3,000 கோடிக் கணக்கு: லினக்ஸ் பரப்புரையாளர்களுக்கு ஒரு கேள்வி

ஈரோட்டுக் கணக்கன்:

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸின் ஆர்வலர்கள் வாயில் ஒரே செய்திதான்: "கேரளப் பள்ளிகள் லினக்ஸால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டன, தமிழ்நாடு இன்னும் தூங்குகிறது." நேற்று பென்குயின்தாசன் இங்கேயும் அதை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

2019 மே மாதம் பள்ளிக் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம், உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட தன் பள்ளி இயங்குதளத்தை வெளியிட்டபோது சொன்ன கணக்கு அது. கணினிக்கு 1.5 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், 2 லட்சம் கணினிகள், ஆகமொத்தம் 3,000 கோடி. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் எந்தப் பள்ளிக்கூடம் ஒரு கணினிக்கு 1.5 லட்சத்துக்கு மென்பொருள் வாங்கும்? பள்ளிகளுக்குக் கொடுக்கும் கணினியின் விலையே அதில் பாதி வராது. வாங்கவே போகாத பொருளின் விலையை மிச்சம் என்று எழுதிக் கொண்டுபோனால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

நானும் டெபியன் என்ற லினக்ஸைப் பயன்படுத்துகிறவன்தான். ஊதிப் பெருக்கிய எண்ணைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் நல்ல விஷயமும் கெட்டுப்போகும் என்பதால் கேட்கிறேன். அந்த 1.5 லட்சம் எங்கிருந்து வந்தது?

பென்குயின்தாசன்:

வாருங்கள் கணக்கரே! உங்களைத்தான் எதிர்பார்த்தேன். லினக்ஸுக்கு ஆதரவாக யாராவது ஒரு வரி எழுதினால் போதும், பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

1.5 லட்சம் என்பது வெறும் விண்டோஸின் விலை இல்லை. கைட் தருவது வெறும் இயங்குதளம் இல்லையே. ஆவணங்களுக்கு லிப்ரேஆபிஸ், படங்களுக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், நிரல் எழுதும் கருவிகள், ஒலி ஒளி தொகுக்கும் மென்பொருள்கள் எல்லாம் அதே வட்டில் வருகின்றன. இவற்றுக்கு ஈடான வணிக மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சந்தை விலைக்கு வாங்கிப் பாருங்கள். போட்டோஷாப் என்ன விலை, புவியியல் வரைபட மென்பொருள் என்ன விலை என்று கடையில் விசாரித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இன்னொன்று. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளில் (சூப்பர் கம்ப்யூட்டர்) அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இதையும் ஊதிப் பெருக்கிய எண் என்பீர்களா?

ஈரோட்டுக் கணக்கன்:

மீக்கணினியைப் பற்றி நான் கேட்கவில்லை. 1.5 லட்சத்தைப் பற்றிக் கேட்டேன்.

சந்தை விலையைக் காட்டுகிறீர்கள். பள்ளிகள் சந்தை விலைக்கு வாங்குவதில்லை. மைக்ரோசாப்டின் ஆபிஸ் 365 ஏ1 திட்டம் பள்ளிகளுக்கு இலவசம். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்குக் காசில்லாமலே தருகிறது. இயங்குதளத்துக்கும் கல்வி நிறுவனங்களுக்கென்று தனி விலை உண்டு. இதையெல்லாம் கழித்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். நீங்கள் பட்டியலில் சேர்த்த ஜியோஜீப்ராவே வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் கேட்பது. முழுக்கக் கட்டற்ற மென்பொருள், அதாவது எவரும் எதற்கும் பயன்படுத்தக்கூடியது என்று அதைச் சொல்ல முடியாது. சொந்தப் பட்டியலையே சரியாகப் பார்க்காமல் என்னைக் கடைக்கு அனுப்புகிறீர்கள்.

நாகர்கோவிலான்:

ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு ஒண்ணு கேளுங்க. எங்க அக்கா மக பாறசாலைப் பக்கம் படிக்கா. அங்க பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே லினக்ஸ்லதான். பாடப்புத்தகம் அதை வச்சு எழுதியிருக்கு, வாத்தியார்களுக்கு அதுல பயிற்சி குடுத்திருக்கு. பிள்ளைக்கு விண்டோஸ் ஒரு பொருட்டே இல்ல.

நம்ம பக்கம் என்ன நடந்துது? 2011ல குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸும் இருந்துது, மத்திய அரசோட சி-டாக் சென்னையில செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துது. பாஸ் எதுக்குன்னு எந்த வாத்தியாரும் சொல்லல. பாடத்துல இல்ல, தேர்வுல இல்ல. பையங்க படம் ஏத்த இடம் வேணும்னு அதை அழிச்சானுவ. 3,000 கோடியோ 300 கோடியோ, வித்தியாசம் அங்கதான் இருக்கு.

பென்குயின்தாசன்:

நாகர்கோவிலான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை! இதைத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். 2007 வாக்கில் நம் மாநில அரசின் எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அன்றைக்கு நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முன்னின்று செய்த வேலை அது. இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு போயிருந்தால் இன்று கேரளா நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்.

கணக்கருக்கு: "மாணவருக்கு இலவசம்" என்கிறீர்களே, எத்தனை நாளைக்கு? படிக்கும்வரை இலவசம். படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும், வேறொன்றும் பழகாத கை அதே மென்பொருளைத் தேடும், அவன் முதலாளி சந்தாக் கட்டுவான். பள்ளிக்கூடத்தில் விதைத்து அலுவலகத்தில் அறுக்கிறார்கள். அந்த அறுவடையையும் சேர்த்தால் 1.5 லட்சம் குறைவு என்பேன் நான்!

ஈரோட்டுக் கணக்கன்:

அப்படியானால் கைட் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டதா? அறிவிப்பில் அப்படி ஒரு வரி காட்டுங்கள். உங்கள் மனதில் தோன்றுவதையெல்லாம் அவர்கள் கணக்கில் ஏற்றக்கூடாது.

சிவகாசி அச்சகம்:

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். லினக்ஸ் லினக்ஸ்னு சொல்றீங்களே, தமிழ்ல ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமாய்யா அதுல? எங்க கடையில பக்கம் வடிவமைக்க இன்னைக்கும் பேஜ்மேக்கர் 7தான். 2001ல வந்தது. ஏன் வச்சிருக்கோம்? பழைய கோப்பு அத்தனையும் அதுலதான் கிடக்கு, எழுத்துரு அத்தனையும் யூனிகோடுங்கிற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தினது. ஒரு தம்பி வந்து அதுக்குப் பதிலா இலவச ஸ்கிரைபஸ் போட்டுக் குடுத்தாரு. "கொ"ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறிக்கிட்டு நின்னுச்சு. வாடிக்கையாளர் முன்னாடி மானம் போச்சு.

பென்குயின்தாசன்:

அண்ணாச்சி, அந்தத் தம்பி போட்டது ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பு. தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி 1.5 வரிசையிலேயே வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் 1.6 நிலையான பதிப்பாகவும் வெளிவந்தது. புதுசைப் பார்க்காமலே குறை சொன்னால் எப்படி? 2001இல் வந்த மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிற நீங்கள் லினக்ஸைப் பழசு என்பது வேடிக்கை.

சிவகாசி அச்சகம்:

நான் எப்பய்யா பழசுன்னேன்? தமிழ் உடையுதுன்னேன். நீங்க சொல்ற 1.6ல என் பழைய பேஜ்மேக்கர் கோப்பு அப்படியே திறக்குமா, எழுத்து மாறாம? ஆமாவா இல்லையா?

யாழ்த் தட்டச்சு:

எங்கட பக்கமும் இதே பிரச்சினைதான். பாமினி எண்ட பழைய எழுத்துருவில தட்டச்சுப் பழகின ஆக்களை மாத்துறது லேசுப்பட்ட வேலையில்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும், இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில ஐபஸ் எண்ட தட்டச்சுக் கருவியோட வருது. தனியா ஒண்டும் வாங்கத் தேவையில்லை.

பென்குயின்தாசன்:

அதோடு தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாமும் இருக்கின்றன. போன வருடம் தமிழ்99 பற்றிய விவாதத்தில் "லினக்ஸில் தமிழ்99 ஒழுங்காக வராது" என்று இதே கணக்கர்தான் எழுதினார். நான் படம் பிடித்துப் போட்டதும் ஆளையே காணவில்லை. எனக்கு மறக்கவில்லை.

ஈரோட்டுக் கணக்கன்:

ஆளைக் காணாமல் போனதற்குக் காரணம் மார்ச் மாதம். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. "ஒழுங்காக வராது" என்று நான் எழுதவில்லை. "நிறுவியவுடன் வராது, மென்பொருள் பொதியைத் தேடிப் போட வேண்டும்" என்று எழுதினேன். இரண்டும் வேறு. சரி, அந்த 1.5 லட்சம்?

சாளரம்75:

கணக்கு எழுதும் டாலி மென்பொருள் லினக்ஸுக்கு வருகிறதா முதலில்? வராது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம் என்பார்கள், ஜிஎஸ்டி கடைசித் தேதியில் அது நின்றுபோனால் அபராதத்தை யார் கட்டுவது? கணக்கர் வீட்டில் டெபியன் என்கிறார், அலுவலகத்தில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் தாம்தூம் என்று லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புகிறோம் என்று தீர்மானம் போட்டது. ஜெர்மானியர்களால் முடியாததை நாம் செய்யப் போகிறோமாம்.

பென்குயின்தாசன்:

மியூனிக்! இதற்காகத்தான் காத்திருந்தேன். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ஓடாதீர்கள்.

2003இல் மியூனிக் முடிவெடுக்கப் போகிறது என்று தெரிந்ததும் மைக்ரோசாப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரிலேயே போய் மேயரைப் பார்த்தார். விலையைக் குறைத்தும் நகராட்சி மசியவில்லை. 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகள் மாறின. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 2014இல் புது மேயர் வந்தார். 2016இல் மைக்ரோசாப்டின் ஜெர்மனித் தலைமையகம் மியூனிக் நகருக்குள் குடிவந்தது. 2017இல் தீர்மானம். இந்த வரிசையைப் படிப்பவர்களே முடிவு செய்யட்டும். அதோடும் கதை முடியவில்லை. 2020இல் அமைந்த புதுக் கூட்டணி, பொதுப்பணத்தில் எழுதும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளை லிப்ரேஆபிஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. பிரான்சின் ஜான்டார்மரி காவல்படைக்குச் சொந்தமாக ஓர் உபுண்டுவே இருக்கிறது. தோற்ற கதை என்று நீங்கள் சொல்வது அரசியல் கதை. தொழில்நுட்பம் எங்கே தோற்றது, காட்டுங்கள்!

இப்போது விண்டோஸ் 11க்கு வருவோம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பையில் போடு என்பதுதானே இதற்கு அர்த்தம்? ஊரெல்லாம் கிடக்கும் அந்தக் கணினிகளில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கும். இதைச் சொன்னால் பரப்புரையாளன் என்று பெயர். ஆமாம், பரப்புரையாளன்தான். பெருமையாகச் சொல்கிறேன்.

சாளரம்75:

மேயர் மைக்ரோசாப்டிடம் விலைபோனார் என்கிறீர்களா? ஆதாரம்?

பென்குயின்தாசன்:

வரிசையைச் சொன்னேன். விலைபோனார் என்று நான் எழுதவே இல்லை. உங்கள் வாயில்தான் வந்தது.

ஆசிரியை கயல்:

நான் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியை. ஒரு சின்ன விஷயம். இரண்டு பேரும் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது. கணக்கர், பள்ளி உண்மையில் கட்டியிருக்கும் தொகையைக் கேட்கிறார். பென்குயின்தாசன், சந்தையில் அதன் மதிப்பைச் சொல்கிறார். எங்கள் ஆய்வகத்துக்குத் தேவை இரண்டும் இல்லை. கணினி பழுதானால் வந்து பார்க்க ஆள் வேண்டும், லினக்ஸ் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் பக்கத்துத் தெருவில் நாலு பேர் கிடைக்கிறார்கள்.

பென்குயின்தாசன்:

டீச்சர், லினக்ஸில் பழுதே வராது. வைரஸ் வந்தால்தானே ஆள் கூப்பிட வேண்டும்!

நாகர்கோவிலான்:

ஹார்ட் டிஸ்க் போனா லினக்ஸ் என்ன செய்யும் ஓய்? டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லும்.

பென்குயின்தாசன்:

ஹார்ட் டிஸ்க் போனால் விண்டோஸும்தான் போகும். நாலு பேர் கிடைக்கிறார்கள் என்றால் அந்த நாலு பேருக்கும் நாங்கள் லினக்ஸ் சொல்லித் தருகிறோம், அவ்வளவுதானே? சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998இலிருந்து இயங்குகிறது. கணியம் இதழ் 2012இலிருந்து தமிழில் எழுதித் தள்ளுகிறது. ஒரு பைசா வாங்காமல் செய்கிறார்கள். ஆதரவு இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

சாளரம்75:

சென்னையில் குழு இருந்தால் டீச்சர் பள்ளிக்கு யார் வருவார்?

பென்குயின்தாசன்:

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு யார் வந்து ஆதரவு கொடுத்தார்? அதுவும் லினக்ஸ்தான். காலையில் எழுந்ததும் லினக்ஸைத் தடவிக்கொண்டே லினக்ஸைத் திட்டுகிறீர்கள்.

சாளரம்75:

ஆண்ட்ராய்டு லினக்ஸ் என்றால் என் வீட்டு டிவியும் லினக்ஸ், ரவுட்டரும் லினக்ஸ். அதில் பத்திரிகை அடிக்கச் சொல்லுங்கள் அண்ணாச்சியை. கருனி, அதாவது இயங்குதளத்தின் உட்கரு, மட்டும் லினக்ஸ், மேலே இருப்பது முழுக்கக் கூகுள்.

பென்குயின்தாசன்:

கருனிதான் லினக்ஸ்! லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதியதே கருனியைத்தான்! அடிப்படையே தெரியாமல் எப்படி ஐயா இத்தனை வருடமாக இங்கே எழுதுகிறீர்கள்?

ஈரோட்டுக் கணக்கன்:

நல்லது. கருனிதான் லினக்ஸ் என்றால் ஜிம்ப், லிப்ரேஆபிஸ், க்யூஜிஐஎஸ் எதுவும் லினக்ஸ் இல்லை. அவை மூன்றும் விண்டோஸிலும் இலவசமாகவே ஓடுகின்றன. ஆக அந்த 1.5 லட்சத்தில் அவற்றின் பங்கை லினக்ஸ் மிச்சம் பிடித்ததாகச் சொல்ல முடியாது. விண்டோஸ் வைத்திருக்கும் பள்ளியும் அதே மிச்சத்தைப் பிடிக்கலாம். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

பென்குயின்தாசன்:

வார்த்தையைப் பிடித்துத் தொங்குவதே உங்கள் வேலை. விண்டோஸ் வைத்திருக்கும் எந்தப் பள்ளி ஜிம்ப் சொல்லிக்கொடுக்கிறது, ஒன்றைக் காட்டுங்கள். காட்ட முடியாது. திருட்டுப் போட்டோஷாப்தான் இருக்கும். கேரளப் பிள்ளைகள் திருடாமல் படிக்கிறார்கள். இதற்கு உங்கள் பேரேட்டில் எந்தப் பத்தியில் வரவு வைப்பீர்கள்?

ஈரோட்டுக் கணக்கன்:

திருட்டு மென்பொருளை வைத்துத்தான் இவ்வளவு நாள் ஓட்டினார்கள் என்றால் அவர்கள் செலவு பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 3,000 கோடி எப்படி மிச்சமானது?

சிவகாசி அச்சகம்:

அய்யா பென்குயின்தாசன், எனக்கு இன்னும் பதில் வரல. பழைய கோப்பு திறக்குமா திறக்காதா?

பென்குயின்தாசன்:

அண்ணாச்சி, கோப்பைப் பூட்டி வைத்தது பேஜ்மேக்கர்காரன். அவனிடம் கேளுங்கள். கணக்கருக்கு ராத்திரி பதில் போடுகிறேன். போட்டோஷாப், ஆட்டோகேட், வரைபட மென்பொருள் எல்லாவற்றின் சந்தை விலையையும் வரிசையாகப் போடுகிறேன், கூட்டிப் பாருங்கள்.

ஈரோட்டுக் கணக்கன்:

சந்தை விலை வேண்டாம். பள்ளி விலை.