புதுப்பிப்பு: லேப்டாப் லாகின் இழுவை தீர்ந்தது

பாஸ்வேர்டு போட்ட பிறகும் திரை கறுப்பாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றச் சொன்னீர்கள், இருப்பதே எஸ்எஸ்டிதான். ஸ்டார்ட்அப் செயலிகளை அணைத்ததிலும் பெரிய பலனில்லை.

துப்பு கிடைத்தது வேறு இடத்தில். கீழமாசி வீதிக் கடையில் சட்டென்று திறக்கும் லேப்டாப், செல்லூர் வீட்டில் மட்டும் இழுத்தது. கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் ஃபோல்டர் இதில் 'இசட்' டிரைவாக மேப் ஆகியிருந்தது, அதாவது கடை நெட்வொர்க் வழியே இதன் சொந்த டிரைவ் போல இணைந்திருந்தது. வீட்டில் அது கிடைக்காமல் விண்டோஸ் தேடிக்கொண்டே நின்றிருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுத்தேன். அவ்வளவுதான், இப்போது லாகின் ஆனதும் டெஸ்க்டாப். கடையில் வேலை பார்க்க அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் போதும்.

அப்புறம், சோதித்துப் பார்ப்பவர்கள் ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸைச் சீக்கிரம் திறக்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக மூடாது.