தாத்தா பாட்டி – பேரப்பசங்க மோதல் வர்ற சிறுகதை சொல்லுங்க

கேள்வி: கதைல தாத்தா பாட்டி வந்தாலே ஒண்ணு நீதி சொல்வாங்க இல்ல கடைசில செத்துப்போவாங்க, செம போர். பேரப்பசங்களோட நிஜமா முட்டிக்கிட்டு அப்புறம் புரிஞ்சுக்கற மாதிரி ஏதாச்சும் இருக்கா?

பதில் 1: ஜெயகாந்தனோட யுகசந்தி படிங்க பாஸ். பேத்தி கீதா சின்ன வயசுலயே விதவை, நெய்வேலில டீச்சர், மறுகல்யாணம் பண்ணிக்கப்போறேன்னு லெட்டர் போடுறா, அப்பா தலைமுழுகிட்டேன்னு குதிக்கறாரு, அந்தக் காலத்துல விதவையானதுக்கு மொட்டையடிச்ச கௌரிப் பாட்டி பேத்தி பக்கம் போய் நிக்கறா. எனக்கு மொட்டையடிச்ச சாஸ்திரம் அவளுக்கு ஏன் வரலன்னு மகனையே மடக்குற இடம் இருக்கே, அடிச்சுக்க ஆளில்ல.

பதில் 2: அதுல சண்டை அப்பாவோடதானங்க? இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தோட ஈத்கா கதை பாருங்க. ரம்ஜான் சந்தைக்குப் போற பேரன் ஹமீத் கைல வெறும் 3 பைசா, மத்த பசங்க பொம்மை மிட்டாய்னு அள்ளுறாங்க, ரொட்டி சுடறப்ப பாட்டிக்கு விரல் சுடுதேன்னு இவன் பேரம் பேசி இடுக்கி வாங்கிட்டு வரான். மத்தியானம் வரைக்கும் எதுவும் திங்காம இதையாடா வாங்கினன்னு கிழவி திட்டுது பாருங்க, காரணம் கேட்டதும் அழுதுடுது. பேரன் பெரியவனாயிடறான், பாட்டி குழந்தையாயிடறா.

பதில் 3: ஈத்கா கொஞ்சம் ஓவர் சென்டிமென்ட் சார், என் ஓட்டு யுகசந்திக்குத்தான்.

கேள்வி கேட்டவர்: ரெண்டையும் படிச்சிடறேன். தாத்தா கதை யாருகிட்டயும் இல்லையா?