மலேசியா, பேராக்ல சிலிம் ரிவர் பக்கம் வீட்டுப் பின்னாடி சௌனா வைக்க நெனைக்கிறவங்களுக்கு

சென்னைலேர்ந்து மில்லு வேலைக்கு வந்து கார்னர் லாட் (வரிசை வீடுகள்ல மூலை வீடு) வாடகைக்கு எடுத்திருக்கிற தம்பி, பின்பக்கம் இடம் சும்மா கெடக்கு, சௌனா (சூட்டுல உக்காந்து வேர்க்க வைக்கிற ரூம்) ஒண்ணு வைக்கலாமா, எது வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க. வாடகை வீடுங்கறதால என் பதில் இதான்: ரெண்டு பேர் உக்கார்ற இன்ஃப்ராரெட் பெட்டி, கழட்டி மாட்டுற டைப், கூரைக்கு அடியில. கல்லு ஹீட்டர் வச்ச ஃபின்லாந்து சௌனா சொந்த வீடு வாங்கினப்புறம் பாத்துக்கலாம்.

ரெண்டுக்கும் வித்தியாசம் நெறைய. கல்லு சௌனால காத்தே 70லேர்ந்து 100 டிகிரி வரைக்கும் போகும், சூடான கல்லு மேல தண்ணி ஊத்தினா ஆவி குப்புனு ஏறும், அந்த சொகமே வேற, ஃபின்லாந்துல 55 லட்சம் ஜனத்துக்கு 30 லட்சம் சௌனா இருக்குங்கறாங்க, 2020ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க. இன்ஃப்ராரெட்ல காத்து 45, 60 டிகிரிதான், சூடு நேரா ஒடம்புல படும், அதுல தண்ணி ஊத்தவே கூடாது.

நான் ஏன் சின்னதுன்னு சொல்றேன்னா கரண்ட். இங்க 230 வோல்ட், சுவத்துல இருக்கிற பிளக் 13 ஆம்ப், அதாவது 3 கிலோவாட்டுக்கு மேல தாங்காது. சின்ன இன்ஃப்ராரெட் பெட்டி ஒன்றரை, ரெண்டு கிலோவாட்தான் இழுக்கும், பிளக்குல குத்தி ஓட்டிடலாம். கல்லு ஹீட்டருக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட்னு கணக்கு, ரெண்டு மீட்டர் நீளம் ஒன்றரை அகலம் ரெண்டு ஒசரம்னு ரூம் போட்டாலே 6 கிலோவாட் வந்துருது, அது 26 ஆம்ப், கண்ணாடிக் கதவு பெருசுன்னா இன்னும் கூடும். டீபி பாக்ஸ்லேர்ந்து (வீட்டுக்கு கரண்ட் பிரிச்சு விடுற பெட்டி) தனி லைன், தனி பிரேக்கர், சூடு தாங்குற கேபிள் எல்லாம் வேணும். தோட்டத்துல தெரிஞ்ச பையன் செஞ்சு குடுப்பான்னு விட்டுடாதீங்க, சுருஹான்ஜாயா தெனாகால (மலேசியாவோட எரிசக்தி ஆணையம்) பதிஞ்ச வயர்மேன்தான் கை வைக்கணும். பிளக்குல குத்துறதா இருந்தாலும் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, டப்புனு விழணும். விழலைன்னா மொதல்ல அத மாத்துங்க. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு பின்பக்கத்துக்கு இழுக்கிற வேலையே வேணாம்.

அடுத்தது மழையும் கரையானும். படத்துல பீப்பா சௌனா பாத்து ஆசப்படுவீங்க, அழகாத்தான் இருக்கும், ஆனா அதுக்கு மேல் பலகைதான் கூரை, காலைல சுள்ளுனு வெயில் சாயந்தரம் கொட்டுற மழைன்னு மாறி மாறி வாங்கினா பலகை சுருங்கி ஊதி இடுக்கு விட்டுரும். மண்ணுல எதையும் வைக்காதீங்க, பின்னாடி செம்பனை (பாமாயில் மரம்) தோட்டம் ஒட்டின வீடுன்னா கரையான் எந்நேரமும் வரும், சிமெண்ட் தரை போட்டு அதுக்கு மேல கட்டை கொடுத்து, அடியில டார்ச் அடிச்சுப் பாக்கிற அளவுக்கு இடைவெளி விடுங்க, கரையான் கட்டுற மண்கோடு ஏறுதான்னு அப்பப்போ குனிஞ்சு பாத்துடலாம். மலிவா கெடைக்குதேன்னு ரப்பர் கட்டைல அடிக்கச் சொல்லாதீங்க, அதுல மாவுச்சத்து ஜாஸ்தி, பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். செங்கால் மாதிரி கனத்த மரம் பெஞ்சுக்கு ஆகாது, உக்காந்தா தொடை சுடும். ஹெம்லாக், ஆஸ்பன், சீடர் மரம், இதுல ஏதாச்சும் போடுங்க. பிளைவுட் உள்பக்கம் வேணவே வேணாம், சூட்டுல பசை நாத்தம் கண்ண எரிக்கும்.

முடிச்சப்புறம் கதவத் தெறந்து காய விடுங்க. நம்ம ஊரு காத்துலயே ஈரம், மூடி வச்சா உள்ள பூஞ்சை கட்டிரும். வெளிய வாளில தண்ணி தேக்காதீங்க, ஏடிஸ் கொசு முட்டை போட்டுரும்.

புள்ளைங்க இருக்கிற வீடுன்னா கதவு வெளிப்பக்கமா தள்ளித் தெறக்கிறதா, பூட்டோ தாப்பாளோ இல்லாததா இருக்கணும், இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்புறமா சொந்த வீட்டுல கல்லு சௌனா போடுறவங்க சிலிம் ஆத்துல கல்லு பொறுக்கி வந்து போடாதீங்க, உள்ள ஈரம் இருந்தா சூட்டுல வெடிச்சு தெறிக்கும், சௌனாக்குன்னே விக்கிற கல்லுதான்.

இன்னொண்ணு, ஃபின்லாந்துல சூட்டுலேர்ந்து வெளிய வந்தா பனி, ஏரி. இங்க ராத்திரியும் புழுக்கம், பைப் தண்ணிகூட வெதுவெதுப்பு. அதனால பக்கத்துலயே ஒரு ஷவரும், ஐஸ் கொட்டி உக்கார ஒரு தொட்டியும் பிளான்ல சேத்துக்குங்க, அது இல்லாம சௌனா பாதி சொகம்கூட தராது. பிரஷர், ஹார்ட் பிரச்சினை, கர்ப்பம்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான், தண்ணி போட்டுட்டு யாருமே உள்ள போகக்கூடாது.

காசு போடறதுக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கிழம உலு சிலிம் ஆயர் பானாஸ்க்கு குடும்பத்தோட போய்ட்டு வாங்க. அது வெந்நீர் ஊத்து, சௌனா இல்ல, ஆனா இந்த ஊரு வெக்கைல கூடுதல் சூடு வீட்டுல எல்லாருக்கும் ஒத்துக்குதான்னு தெரிஞ்சுடும். ஒத்துக்கிச்சுன்னா வீட்டுக்காரர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கிட்டு, டீபி பாக்ஸ் போட்டோவும் பின்பக்க அளவும் அனுப்புங்க தம்பி, எங்க வைக்கலாம்னு பாத்து சொல்றேன்.