கோல்ட் 1849 பாக்கெட் ரிவால்வர்: செதுக்கு வேலை அசலா?

வணக்கம். ஹார்ட்ஃபோர்டு பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் .31 காலிபர் (குழல் அளவு) கோல்ட் 1849 பாக்கெட் ரிவால்வர் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. சிலிண்டரில் செதுக்குக் கலைஞர் ஆர்ம்ஸ்பியின் காட்சி, குதிரை வண்டியைக் கொள்ளையர் மறிப்பது, இன்னும் தெளிவாக இருக்கிறது. ஃபிரேமிலும் கைப்பிடிப் பட்டையிலும் அழகான கொடிச் சுருள்கள். வரிசை எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பட்டையின் வெள்ளிப் பூச்சு செதுக்கிய பள்ளத்துக்குள்ளும் இருக்கிறது. பூச்சுக்கு முன்பே செதுக்கியிருக்கிறார்கள் என்றால் அது நல்ல அறிகுறிதானே? ஆனால் ஒரு சுருள் எண்ணின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. எண் போட்ட பிறகு செதுக்கியதோ என்று அதுதான் உறுத்துகிறது.

தொழிற்சாலை வேலையா, பிற்பாடு யாரோ செதுக்கியதா? கோல்ட்டின் செதுக்குக் கலைஞர் கஸ்டாவ் யங் காலத்து வேலைப்பாட்டை நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், எந்தெந்த இடங்களைப் படமெடுத்துப் போடட்டும்? கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் எனக்காக எடுத்து வைத்திருப்பார்.